‘கிரீம், 1 டப்பா’: குடும்ப டாக்டர்களுக்குக் கலவை மருந்து எழுதக் கற்றுக்கொடுப்பது

முதன்முதலாகக் குடும்ப டாக்டர்களுக்கு வகுப்பெடுக்கப் போனபோது 60 ஸ்லைடுகளோடு போனேன். பொடியை எப்படி அரைப்பது, எப்படிச் சலிப்பது, எந்த மருந்துக்கு எந்தக் கிரீம் பேஸ் என்று ஒன்றரை மணி நேரம் பேசினேன். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். அடுத்த வாரம், அன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு டாக்டரிடமிருந்து சீட்டு வந்தது: “நரம்பு வலி கிரீம், 1 டப்பா, தினமும் தடவவும்.” என்ன மருந்து, எத்தனை சதவீதம், எங்கே தடவ, எத்தனை நாளுக்கு? ஒன்றுமே இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் எழுதப் பழக வந்தார், நான் கலக்கக் கற்றுக்கொடுத்து அனுப்பியிருந்தேன்.

அதற்கப்புறம் ஸ்லைடை விட்டேன். நான் கம்பவுண்டிங் பார்மசிஸ்ட். கம்பெனி மருந்தாகக் கிடைக்காத டோஸையோ வடிவத்தையோ ஒரு குறிப்பிட்ட நோயாளிக்காக, டாக்டர் சீட்டின் பேரில் செய்து கொடுப்பது என் வேலை. இந்த வகுப்பை எடுக்கச் சொல்லி உங்களையும் யாராவது கேட்டால், எனக்கு எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று இங்கே சொல்கிறேன்.

வகுப்புக்கு முன்னால்

ஐந்தாறு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். இடம், முடிந்தால் உங்கள் கலவை அறை. முடியாவிட்டால் ஒரு மேஜையும் ஒரு தராசும் போதும். வரும் ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு வீட்டுப்பாடம் கேளுங்கள்: “நீங்கள் எழுதிய மருந்தைச் சாப்பிட முடியாமல் திரும்பி வந்த நோயாளி ஒருவரைப் பற்றி, பெயர் இல்லாமல், நாலு வரி எழுதிக்கொண்டு வாருங்கள்.” குழந்தை துப்பிவிட்டது, மாத்திரை தொண்டையில் சிக்குகிறது, சாயத்துக்கு ஒவ்வாமை என்று அவர்கள் கொண்டுவருவதே பாடத்திட்டம். டாக்டர்கள் தங்கள் நோயாளியைப் பற்றிப் பேசும்போதுதான் நிஜமாகவே கவனிக்கிறார்கள். மற்றவர்களும் அப்படித்தான், சரி.

முதல் கேள்வி: கம்பெனி மருந்து ஏன் போதாது?

எந்தக் கேஸை எடுத்தாலும் இதில்தான் தொடங்குகிறேன். ஒப்புக்கொள்ளத்தக்க காரணங்கள் நாலு வகைதான். வேண்டிய டோஸ் சந்தையில் இல்லை. வேண்டிய வடிவம் இல்லை: மாத்திரை மட்டும் இருக்கிறது, குழந்தைக்கோ உணவு செலுத்தும் குழாய் போட்டவருக்கோ திரவம் வேண்டும். மருந்தோடு சேர்த்திருக்கும் லாக்டோஸ், சாயம், பதப்படுத்தி மாதிரி ஏதோ ஒன்று நோயாளிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அல்லது, கம்பெனி அந்த மருந்தை நிறுத்திவிட்டது, தட்டுப்பாடு. “இயற்கையானது” என்பதோ, “நோயாளி கேட்டார்” என்பதோ இந்தப் பட்டியலில் வராது.

ஏன் இவ்வளவு கறார் என்று அவர்கள் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள். கம்பெனி மருந்தின் பலன், பாதுகாப்பு, தரம் எல்லாவற்றையும் கட்டுப்பாட்டு அமைப்பு பார்த்து அனுமதி கொடுத்திருக்கிறது. நான் இன்று காலையில் கலக்கிய பாட்டிலுக்கு அப்படி ஒரு அனுமதி கிடையாது. நான் ஒழுங்காகத்தான் செய்கிறேன். ஆனாலும் அந்த வித்தியாசத்தை டாக்டர் தெரிந்துகொண்டு எழுத வேண்டும், நோயாளிக்கும் சொல்ல வேண்டும்.

என் வகுப்புக்கு வரும் கேஸ்களில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும். ஒருமுறை ஒரு டாக்டர், பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்க முடியாத ஒரு பெரியவரின் கேஸைக் கொண்டுவந்தார். மெதுவாகக் கரைந்து நாள் முழுக்க வேலை செய்ய வேண்டிய மாத்திரையை வீட்டில் அம்மியில் வைத்த மாதிரி நசுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் மருந்து மொத்தமும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கும், அதுதான் ஆபத்து. அவருக்குத் திரவம் செய்து கொடுங்கள் என்றார் டாக்டர். அதே வகை மருந்து திரவமாகவே கம்பெனியில் வருகிறது என்று காட்டினேன். வேலை போயிற்றே என்று நான் வருத்தப்படவில்லை. இப்படிச் சில வேலைகளை விட்டுக்கொடுத்தால்தான் மீதி நேரத்தில் நீங்கள் சொல்வதை அவர்கள் நம்புவார்கள்.

சீட்டு எழுதுவது

வகுப்பின் பெரும்பகுதி இதற்குத்தான். பலகையில் ஒரு கேஸை எழுதுகிறேன். 8 கிலோ எடையுள்ள குழந்தை, இதய நோய், ஸ்பைரனோலாக்டோன் வேளைக்கு கிலோவுக்கு 1 மி.கி. வீதம் தினமும் இரண்டு வேளை. எல்லோரும் தனித்தனியாக எழுதிக் காட்ட வேண்டும். வழக்கமாக வருவது: “ஸ்பைரனோலாக்டோன் சிரப், 1.6 மி.லி., இரண்டு வேளை.” இதை வைத்துக்கொண்டு எந்த பார்மசிஸ்டாலும் எதையும் செய்ய முடியாது. செய்தால் அது ஊகம்.

அப்புறம் நான் எழுதுகிறேன்:

“ஸ்பைரனோலாக்டோன் வாய்வழி சஸ்பென்ஷன், 1 மி.லி.யில் 5 மி.கி. வேளைக்கு 8 மி.கி. (1.6 மி.லி.), தினமும் இரண்டு வேளை, 30 நாள். மொத்தம் 100 மி.லி. குழந்தையின் எடை 8 கிலோ. இதய நோய்க்காக. குலுக்கி, வாய்வழி சிரிஞ்சில் அளந்து கொடுக்கவும்.”

சஸ்பென்ஷன் என்றால் மருந்துப் பொடி கரையாமல் கலந்து நிற்கும் திரவம். ஒவ்வொரு சொல்லும் ஏன் அங்கே இருக்கிறது என்று அவர்களையே சொல்ல வைக்கிறேன். எடை இருந்தால் நான் கணக்கைச் சரிபார்க்க முடியும். எதற்காக என்று இருந்தால், பெயர் ஒத்த வேறு மருந்தை எடுத்துவிட மாட்டேன். ஒரு நாளைக்கு 3.2 மி.லி., 30 நாளுக்கு 96, அதனால்தான் 100. எல்லாவற்றையும் விட முக்கியம், மில்லிகிராமும் மில்லிலிட்டரும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பது.

அதற்கு ஒரு கதை வைத்திருக்கிறேன். இதே மருந்தை என்னிடம் வாங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா, வெளியூர் போன இடத்தில் தீர்ந்துபோக, அங்கே ஒரு கடையில் வாங்கினார். திரும்பி வந்ததும் வேறு எதற்கோ என்னிடம் வந்தவர், பையிலிருந்து பாட்டிலை எடுத்துவைத்தார். லேபிளில் 1 மி.லி.யில் 25 மி.கி. என்று இருந்தது. “எவ்வளவு கொடுக்கிறீர்கள்?” என்றேன். “எப்போதும் போல 1.6.” அதாவது 8 மி.கி.க்குப் பதில் 40 மி.கி., ஐந்து மடங்கு. ஒரே ஒரு வேளைதான் போயிருந்தது, இந்த மருந்து அதிகமானால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும்; பரிசோதனையில் ஏறவில்லை, தப்பித்தோம். இரண்டு கடைக்காரர்களும் தவறாகக் கலக்கவில்லை. சீட்டில் மி.லி. மட்டும் இருந்ததுதான் வினை. இதைச் சொல்லிவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருங்கள். யாராவது ஒருவர் தன் பழைய சீட்டை நினைத்துப் பார்ப்பது முகத்தில் தெரியும்.

இதனால்தான், அடர்த்தியை அவரவர் இஷ்டப்படி தீர்மானிக்க வேண்டாம் என்கிறேன். ஒரு மருந்துக்கு எல்லோரும் ஒரே அடர்த்தியைப் பயன்படுத்தும்படி நிலையான பட்டியல்கள் வந்திருக்கின்றன. அமெரிக்க மருத்துவமனை பார்மசிஸ்ட்கள் சங்கத்தின் பட்டியல் அப்படி ஒன்று. டாக்டர் போன் போட்டு “இதற்கு வழக்கமான அடர்த்தி எது?” என்று கேட்டால் போதும். ஊசி மருந்துகளில் இந்தக் குழப்பம் இன்னும் மோசம். சர்க்கரை நோய்க்கும் எடை குறைக்கவும் போடும் செமாகுளூடைடு ஊசி மருந்தைக் கலவையாக வாங்கி, சிறு மருந்துப் புட்டியிலிருந்து தாங்களே சிரிஞ்சில் இழுத்துக்கொண்டவர்களில் சிலர் 5 முதல் 20 மடங்கு வரை போட்டுக்கொண்டார்கள் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024-ல் எச்சரித்தது. யூனிட், மில்லிகிராம், மில்லிலிட்டர் மூன்றும் கலந்து குழம்பியதுதான் முக்கியக் காரணம்.

சின்னச் சின்ன விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். மைக்ரோகிராம் என்றால் முழுசாக எழுதுங்கள்; மில்லிகிராமாகப் படித்தால் ஆயிரம் மடங்கு. 0.5 என்று எழுதுங்கள், வெறும் .5 வேண்டாம். 5 என்று எழுதுங்கள், 5.0 வேண்டாம், புள்ளி மங்கினால் ஐம்பதாகிவிடும். உப்பு வடிவம் (மருந்தோடு வேறொரு வேதிப்பொருள் சேர்ந்த வடிவம்) இருக்கிற மருந்தில் எதை எண்ணுகிறீர்கள் என்று தெளிவாக இருக்கட்டும்: அம்லோடிபின் 5 மி.கி. வேண்டுமென்றால் நான் நிறுக்க வேண்டியது அம்லோடிபின் பெசிலேட் சுமார் 6.9 மி.கி. அந்தக் கணக்கு என் பாடு. அம்லோடிபினாக 5 மி.கி. என்று நீங்கள் எழுதியிருந்தால் போதும்.

தடவும் மருந்துக்குத் தராசை நடுவில் வைக்கிறேன். ஆளுக்கு ஒரு டியூப் வெறும் கிரீம் கொடுத்து, “ஒருவேளைக்குத் தடவும் அளவை எடுங்கள்” என்பேன். ஒருவர் 0.3 கிராம் எடுப்பார், பக்கத்தில் இருப்பவர் 0.9 எடுப்பார். ‘கொஞ்சம் தடவவும்’ என்பதன் அர்த்தம் அப்போது தராசிலேயே தெரிந்துவிடும். பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை நீளமாகப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். அது விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை பரப்புக்குப் போதும். இதை வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம். வேளைக்கு 1 கிராம், இரண்டு வேளை, 14 நாள் என்றால் 28 கிராம், 30 கிராம் எழுதுங்கள். ‘1 டப்பா’ என்று எழுதாதீர்கள், என்னிடம் எத்தனையோ அளவு டப்பா இருக்கிறது. ஆசனவாய் வெடிப்புக்கு டில்டியாசெம் (ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் மருந்துதான், இங்கே தடவ) 2 சதவீதம் கேட்டால், 1 கிராமில் 20 மி.கி. என்று மனதில் கணக்குப் போட்டுப் பாருங்கள். தசமப்புள்ளி தவறினால் அங்கேயே பிடிபடும்.

சிரிக்க வைக்கும் பயிற்சி ஒன்று உண்டு. வாய்ப்புண்ணுக்கு டாக்டர்கள் ‘மேஜிக் மவுத்வாஷ்’ என்று எழுதுவார்கள். அதில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொருவரும் ரகசியமாகக் காகிதத்தில் எழுத வேண்டும். ஐந்து பேர் எழுதினால் ஐந்து கலவை வரும். ஒன்றில் லிடோகேயின், டைபென்ஹைட்ரமின், ஆன்டாசிட், இன்னொன்றில் ஸ்டீராய்டு, மற்றொன்றில் பூஞ்சை மருந்து. கொப்பளித்துத் துப்ப வேண்டுமா, விழுங்க வேண்டுமா என்பதும் யாருடைய காகிதத்திலும் இருக்காது. லிடோகேயின் தொண்டையை மரத்துப்போகச் செய்யும். உடனே சாப்பிட்டால் புரையேறும், அதையும் எழுத வேண்டும். செல்லப்பெயர்களை ஒழிக்க இதைவிட நல்ல வழியை நான் பார்க்கவில்லை.

மருந்தைச் சுமக்கும் திரவமும் மருந்துதான்

1937-ல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைட் என்ற நல்ல மருந்தைத் திரவமாக்க டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து விற்றார்கள். நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் குழந்தைகள் நிறைய. கொன்றது மருந்து இல்லை, கரைத்த திரவம். அடுத்த ஆண்டு வந்த அமெரிக்க மருந்துச் சட்டத்துக்கு அந்தச் சம்பவம்தான் தூண்டுதல். இந்த ஒரு கதையோடு நிறுத்திவிட்டு இன்றைய விஷயத்துக்கு வந்துவிடுவேன்: பிறந்த குழந்தைக்கு பென்சைல் ஆல்கஹால் என்ற பதப்படுத்தி ஆகாது, சார்பிட்டால் என்ற இனிப்பு அதிகமானால் பேதி, ஃபினைல்கீட்டோனூரியா என்ற பிறவி நோய் இருந்தால் ஆஸ்பர்டேம் என்ற இனிப்பு கூடாது. அதனால் சீட்டில் வயதும் ஒவ்வாமையும் கட்டாயம்.

இங்கே கண்ணால் காட்ட ஒரு சோதனை. இரண்டு கிண்ணத்தில், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் பொடி. ஒன்றில் புளிப்பான பழச்சுவை சிரப், மற்றதில் 8.4 சதவீத சோடியம் பைகார்பனேட் கரைசல். பேசிக்கொண்டே இருங்கள். புளிப்புக் கிண்ணத்தில் நிறம் மாறிக் கறுக்க ஆரம்பிக்கும். ஒமெப்ரசோலுக்கு அமிலம் எமன், அதனால்தான் கம்பெனி மாத்திரைக்கு மேலே பூச்சு போடுகிறது. பைகார்பனேட்டில் 1 மி.லி.க்கு 2 மி.கி. என்று செய்யும் சஸ்பென்ஷன் நிற்கிறது. “குழந்தைக்குப் பிடிக்கிற சுவையில் போட்டுக் கொடுங்கள்” என்று சொல்வதற்கு முன் ஏன் என்னைக் கேட்க வேண்டும் என்பது அந்தக் கிண்ணத்தில் தெரிந்துவிடும். கூடவே ஒரு எச்சரிக்கை: அதில் சோடியம் அதிகம், இதயம் பலவீனமானவருக்கு எழுதும்போது நினைவு வேண்டும்.

முந்தின நாளே ஒரு கண்ணாடி பாட்டிலில் சஸ்பென்ஷனை வைத்து அசைக்காமல் கொண்டுபோங்கள். மேலே தெளிந்த நீர், அடியில் விரல் தடிமனுக்கு வெள்ளைப் படிவு. குலுக்காமல் ஊற்றுகிற வீட்டில் முதல் வாரம் குழந்தைக்கு மருந்து போய்ச் சேராது, கடைசி வாரம் மொத்தமும் சேர்ந்து போகும். ‘நன்றாகக் குலுக்கவும்’ என்பதை யாரும் படிக்காத ஸ்டிக்கராக நினைத்த டாக்டர்கள் அதற்கப்புறம் தாங்களே நோயாளியிடம் சொல்கிறார்கள்.

எத்தனை நாள் வைக்கலாம் என்பதும் இதோடு சேர்ந்ததே. அமெரிக்க மருந்துத் தர நூலான யு.எஸ்.பி.யின் 795-ஆம் அத்தியாயம், 2023 நவம்பரில் நடைமுறைக்கு வந்த வடிவம், தனிச் சோதனைத் தகவல் இல்லாதபோது வைக்கும் வரம்பு இது: பதப்படுத்தி இல்லாத நீர்க்கலவை குளிர்பதனப் பெட்டியில் 14 நாள், பதப்படுத்தி உள்ளது 35 நாள், நீரில்லாத வாய்வழித் திரவம் 90 நாள், நீரில்லாத களிம்பு, காப்ஸ்யூல் மாதிரி மற்ற வடிவங்கள் 180 நாள். இதுகூட மேல்வரம்புதான், சில மருந்து அதற்கு முன்பே கெடும். ஆகவே மூன்று மாதத்துக்கான சிரப்பை ஒரே தடவையில் எழுதாதீர்கள்.

வேண்டாம் என்று சொல்வது

இந்தப் பகுதியில்தான் எனக்கும் டாக்டர்களுக்கும் வாக்குவாதம் வரும், வரட்டும். நரம்பு வலிக்கும் மூட்டு வலிக்கும் நாலைந்து மருந்து சேர்த்த கிரீம் பிரபலம். 399 நோயாளிகளை வைத்து அமெரிக்க ராணுவ மருத்துவமனை ஒன்றில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், கெட்டமின், கபபென்டின், குளோனிடின், லிடோகேயின் எல்லாம் போட்ட ஒன்று உட்பட மூன்று கலவை கிரீம்களுக்கும் மருந்தில்லாத வெறும் கிரீமுக்கும் ஒரு மாத முடிவில் வலியில் வித்தியாசமில்லை. நான் இந்தக் கிரீமை வருடக்கணக்கில் செய்து விற்றவன். இதைச் சொல்லும்போது கொஞ்சம் தொண்டை அடைக்கத்தான் செய்யும், ஆனாலும் சொல்லிவிடுவேன். கேட்கிற நோயாளிக்கு ஒரே ஒரு மருந்துள்ள கம்பெனி லிடோகேயின் ஒட்டுப்பட்டையை முதலில் யோசியுங்கள் என்பேன்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ‘உடலுக்கேற்ற’ ஹார்மோன் கலவை இன்னொன்று. அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் குழு 2020-ல் இவற்றைப் பரிசீலித்து, அனுமதி பெற்ற மருந்தில் உள்ள ஏதோ ஒன்றுக்கு ஒவ்வாமை இருப்பவர்களுக்கோ வேறு வடிவம் தேவைப்படுபவர்களுக்கோ மட்டும் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தச் சொன்னது. கருப்பை உள்ளவருக்கு ஈஸ்ட்ரோஜனைக் கொடுத்து, கூடவே போதுமான புரோஜெஸ்டோஜன் (புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோன்) தராவிட்டால் கருப்பை உள்படலப் புற்றுநோய் அபாயம் கூடும். புரோஜெஸ்டிரோன் கிரீமை அதற்குக் காவலாக நம்ப முடியாது. எச்சிலைச் சோதித்து டோஸ் தீர்மானிப்பதாக யாராவது வந்தால் கதவைச் சாத்திவிடலாம். ஓபியாய்டுகளின் (மார்ஃபின் வகை மருந்துகளின்) வேலையைத் தடுக்கும் நால்ட்ரெக்ஸோனைக் குறைந்த டோஸில் கொடுப்பதைப் பொறுத்தவரை என் கருத்து இவ்வளவு கடுமையில்லை. 50 மி.கி. மாத்திரை மட்டும் கிடைக்கும்போது 1.5 முதல் 4.5 மி.கி. காப்ஸ்யூல் கேட்பதில் டோஸ் காரணம் நிஜமாக இருக்கிறது. ஆனால் பலன் பற்றிய ஆய்வுகள் சிறியவை, எழுதும் முன் நோயாளி ஓபியாய்டு எடுக்கிறாரா என்று பார்த்தே ஆக வேண்டும்.

ஊசி, கண் சொட்டு மருந்துகளுக்கு நான் கொடுக்கும் அறிவுரை சுருக்கமானது: நுண்ணுயிரற்ற முறையில் தயாரிக்க வசதியுள்ள இடம் என்று நிச்சயமாகத் தெரியாமல் எழுதாதீர்கள். 2012-ல் அமெரிக்காவில் ஒரு கலவை மையத்திலிருந்து போன ஸ்டீராய்டு ஊசியில் பூஞ்சை கலந்து 750-க்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள், 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எழுதிய டாக்டர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. கேட்காமல் வாங்கினார்கள், அவ்வளவுதான். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதை வகுப்புக்கு முன் நீங்களே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

போன்

கடைசிப் பத்து நிமிடம் போன் பேசிப் பழகுவது. நான் கடையில் இருப்பதாகவும் அவர்கள் கிளினிக்கில் இருப்பதாகவும் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரும் அழைக்க வேண்டும். கேட்க வேண்டியவை: இதன் செய்முறை எங்கிருந்து எடுத்தது, எத்தனை நாள் நிற்கும் என்பதற்கு ஆதாரம் என்ன, வேறென்ன சேர்க்கிறீர்கள், கடைசியாக எப்போது செய்தீர்கள். முதல் தடவை தயங்குவார்கள்; டாக்டர் பார்மசிஸ்டிடம் சந்தேகம் கேட்பது பலருக்குக் கூச்சம். நாம் பதில் தெரியாமல் “பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்று ஒருமுறை சொல்லிக் காட்டினால் அந்தக் கூச்சம் போய்விடும்.

நோயாளியின் கோப்பில் மருந்தின் பெயரோடு அடர்த்தியையும், செய்த கடையையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். முதல் பாட்டில் தீர்வதற்குள் ஒருமுறை நோயாளியைப் பார்க்கவோ அழைக்கவோ வேண்டும். பலன் இல்லையென்றால் டோஸைக் கூட்டும் முன் பாட்டிலையும் சிரிஞ்சையும் கொண்டுவரச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்து அவர்கள் எழுதிய சீட்டுகளை வாங்கிப் பாருங்கள், வகுப்பு எப்படிப் போயிற்று என்பதற்கு வேறு சான்று வேண்டாம். அந்த முன்வரிசை டாக்டர் இரண்டாம் முறையும் வந்து உட்கார்ந்தார். போன மாதம் அவர் அனுப்பிய சீட்டு இது: “டில்டியாசெம் 2 சதவீதக் களிம்பு, 30 கிராம். ஆசனவாய் ஓரத்தில் வேளைக்கு அரை கிராம், தினமும் இரண்டு வேளை, 4 வாரம். வெடிப்புக்காக. வயது 34, ஒவ்வாமை இல்லை.” கணக்குப் பார்த்தேன், 28 கிராம், சரி. ரத்த அழுத்த மாத்திரை எதுவும் எடுக்கிறாரா என்பது மட்டும் இல்லை. போன் செய்தேன். மறுமுனையில் சிரிப்பு: “நானே உங்களைக் கூப்பிடலாம் என்று இப்போதுதான் எடுத்தேன்.”